கிணறு எனக்கு, ஊத்துக்கால் அவனுக்கு

நிறுத்திட்டேன் சார். சத்தம் அடங்கிருச்சா? சந்தோசம்தான? வாழை குலை தள்ளுற நேரம். இந்த நேரத்துல மோட்டாரை நிறுத்துன்னு வேற எவனாச்சும் வந்து சொல்லியிருந்தா நடக்கிறதே வேற. நீங்க ஜெபசீலியம்மா படிச்ச காலேசுல இருந்து வந்திருக்கேன்னு சொன்னீக, அதனால பேசாம நிறுத்தினேன். அந்தப் பொண்ணுக்குக் கல்யாணமாமே? நல்லா இருக்கட்டும். தண்ணி மட்டம் பார்க்க ஆத்துக்குள்ள நட்டு வச்ச குழாயை அதுதான் வந்து புடுங்கும்னு பார்த்தேன், உங்களை அனுப்பியிருக்கு. புடுங்குறதுக்கு முன்னால கடைசியா ஒரு தடவ அளக்கணும், அதுக்கு மோட்டார் கொஞ்ச நேரம் ஓயணும், அவ்வளவுதான? ஓயட்டும். அந்தச் சாக்கை விரிச்சு வேப்ப மரத்தடியில உக்காருங்க. கட்டெறும்பு கிடக்கும், பார்த்து.

என்ன பார்க்கீக, தாடியவா? தம்பி செத்துப் போயிட்டான் சார். போன வாரம். இன்னும் காரியம் கழியல.

கொம்பையான்னு பேரு. எனக்கு நேர் இளையவன். திருப்பூர்ப் பக்கம் ஒரு மில்லுல செக்யூரிட்டி வேலை. கேட்டுல நின்னவன் நின்னபடியே சாஞ்சிட்டானாம். நெஞ்சுவலின்னாங்க. வேன்ல கொண்டாந்து இறக்கினாங்க. முகம் பார்த்தேன். என்கூடப் பேசி ஏழெட்டு வருசம் இருக்கும் சார். ஒரு வார்த்த பேசாமலே போயிட்டான். சாவு எல்லாருக்கும்தான் வருது. ஆனா பேசாமப் போனான் பாருங்க, அதைத்தான் என்னால தாங்க முடியல.

என் மேல தப்பு இருந்தாச் சொல்லுங்க. நீங்க படிச்சவுக, ரெண்டு பக்கமும் சாராதவுக. நான் நடந்ததைச் சொல்றேன், நீங்களே சொல்லுங்க.

எங்கய்யா, அதான் எங்க அப்பா, பாகம் பிரிக்கும்போது வம்பு வரக் கூடாதுன்னு ரொம்ப யோசிச்சுத்தான் பிரிச்சாரு. இந்தா நாம உக்காந்திருக்கோமே, இந்த மேட்டு நிலமும் கிணறும் எனக்கு. அந்தா தெரியுதே கீழ, கருவேலமாக் கிடக்குதே, அந்த நிலமும் ஊத்துக்காலும் அவனுக்கு. ஊத்துக்கால்னா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஆத்து மணல்ல நீளமா வாய்க்கால் மாதிரிக் கீறி விடுறது. மேல பார்த்தா ஆறு காஞ்சு கிடக்கும். மணலுக்கு அடியில தண்ணி போய்க்கிட்டுத்தான இருக்கு, அது அந்தக் கீறல்ல கசிஞ்சு கசிஞ்சு சேர்ந்து வயலுக்குப் போயிரும். மோட்டார் வேண்டாம், கரண்டு வேண்டாம், ஒரு மண்வெட்டி இருந்தாப் போதும். சித்திரையில கூட கொம்பையா வயல்ல கொக்கு நிக்கும். எனக்குப் பொறாமையா இருக்கும், பொய் சொல்லக் கூடாது.

எங்கய்யா ஊர்ப் பெரியாளுக முன்னால சொன்னாரு. "மண்ணுக்குள்ள இருக்கிற தண்ணி மூத்தவனுக்கு. ஆத்துல இருக்கிற தண்ணி இளையவனுக்கு. ஒருத்தன் தண்ணியில ஒருத்தன் கை வைக்கக் கூடாது." சூடம் ஏத்தி ரெண்டு பேரையும் சத்தியம் பண்ணச் சொன்னாரு. பண்ணோம். இன்னிக்கு வரைக்கும் அந்தச் சத்தியத்தை நான் மீறல சார். ஆத்துல ஒரு செம்புத் தண்ணி நான் மோந்திருப்பேனா? ஊருக்குள்ள யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. வீரபெருமாள் கோவக்காரன்னு சொல்லுவான், வாய் நீளம்னு சொல்லுவான். சொன்ன சொல்லு தவறினான்னு எவனும் சொல்ல மாட்டான்.

என் கிணறு அப்ப உப்புக் கிணறு. இந்தப் பக்கம் எல்லாக் கிணறும் உப்புதான். மாடு மூஞ்சியத் திருப்பிக்கிடும். கொம்பையா பொண்டாட்டி சண்முகத்தாய் ஊத்துல மோந்து குடத்தைத் தூக்கிட்டுப் போவா, என் வீட்டுக்காரி அவகிட்டப் போயி ஒரு குடம் வாங்கிட்டு வருவா. எனக்கு எப்படி இருக்கும்? மூத்தவன் வீடு இளையவன் வீட்டுல போயி நிக்குது. அப்பத்தான் சைடு போர் போடுற ஆளுக வந்தாங்க. கிணத்துக்குள்ள இறங்கி, சுவத்துல படுக்கை வசமா ஓட்டை போட்டுக்கிட்டே போறது. எந்தப் பக்கம் போடன்னு கேட்டான். ஆத்துப் பக்கம் போடுன்னேன். அந்தப் பக்கந்தான மண்ணு லேசு. எம்புட்டுத் தூரம் போச்சுன்னு நான் எட்டிப் பார்க்கல. என் கிணத்துல ஆரம்பிச்சது என் கிணறுதான சார்?

அடேயப்பா! பீய்ச்சிக்கிட்டு வந்துச்சு. வாயில ஊத்திப் பார்த்தேன், இளநி. சத்தியமா இளநி சார். உப்புக் கிணறு இனிச்சுப் போச்சு. அய்யனாருதான் கண்ணத் தொறந்துட்டாருன்னு கெடா வெட்டினேன். கொம்பையா பந்திக்கு முன்னால நின்னு எல்லாருக்கும் பரிமாறினான். "அண்ணே, இனிமே உனக்கு வாழைதாண்ணே"ன்னான். அவன் மனசு அப்படி. வாழை போட்டேன். இந்தா நிக்குதே, அப்பப் போட்டதோட வம்சந்தான் இது.

அடுத்த கோடையில அவன் ஊத்துக்கால் வத்திப் போச்சு.

என்கிட்டத்தான் வந்தான். இந்தா இந்த வரப்புல வந்து நின்னான். வாழைய நல்லா வச்சிருக்கியேண்ணே, என்ன உரம்னு கேட்டான். அப்புறம் மெதுவா, "அண்ணே, கோவிச்சுக்கிடாத. மோட்டாரை ரெண்டு நாளைக்கு நிறுத்திப் பாக்குறியா"ன்னான். எதுக்குடான்னேன். "கரண்டு இல்லாத நாள்ல ஊத்துக்கால் கசியுதுண்ணே. கரண்டு வந்தா நின்னு போகுது"ன்னான்.

எனக்கு எங்க இருந்துதான் வந்துச்சோ கோவம். "ஏலே, கரண்டு போனா ஊர் பூராவும்தான் மோட்டார் நிக்குது, உனக்கு என் மோட்டார் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியுதா? மேக்க லாரி லாரியா மணலை அள்ளிட்டுப் போறான், அவன்கிட்டப் போயி கேளு. மழை பெய்யல, வானத்துக்கிட்டப் போயி கேளு. உன் வயலச் சுத்திக் கருவேலம் நிக்குதே, அது குடிக்குற தண்ணிக்கு நானா பொறுப்பு"ன்னு கத்தினேன். நான் சொன்னதுல ஏதாச்சும் பொய் இருக்கா சார்? மணலை அள்ளலையா? மழை பொய்க்கலையா?

அவன் தலையக் குனிஞ்சுக்கிட்டே நின்னான். "நீ என் தண்ணியில கை வச்சிட்டண்ணே"ன்னான். அவ்வளவுதான் சொன்னான்.

சத்தியம் பண்ணவனைப் பார்த்து அப்படிச் சொல்லலாமா? நாக்கப் புடுங்கிக்கிடலாம் போல ஆயிருச்சு எனக்கு. நானும் விடல. "என் கிணத்துப் பக்கம் இனிமே காலு வைக்காத"ன்னேன். "வைக்க மாட்டேன். உன் கிணத்துத் தண்ணி என் வாயில படாது"ன்னுட்டுப் போனான். போனவன் போனவன்தான். ஊருக்குள்ள எதுத்தாப்புல வந்தா பக்கத்துத் தெருவுல திரும்பிருவான். டீக்கடையில ஒருநா ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுல உக்காந்துட்டோம், தெரியாம. டீயைப் பாதியில வச்சிட்டு எந்திரிச்சுப் போனான். அந்தக் கிளாசுல ஆவி வந்துட்டு இருந்துச்சு. அதையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன்.

அப்புறம் ரெண்டு வருசம் மல்லுக்கட்டினான். ஊத்துக்கால ஆழமாத் தோண்டினான். தோண்டத் தோண்ட கீழ போச்சு தண்ணி. மாட்ட வித்தான். நிலத்தைச் சும்மா போட்டுட்டு மில்லுக்குப் போயிட்டான். விவசாயம் பார்த்த கை சார், அது விசிலைப் புடிச்சுக்கிட்டு நின்னுச்சு. இங்க இருந்து போன ஒருத்தன் பார்த்துட்டு வந்து சொன்னான், "உன் தம்பி லாரிக்குக் கேட்டைத் தொறந்து விட்டு சலாம் வைக்கிறான்"னு. அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கல.

நானும் சும்மா இருக்கல. சமாதானம் பேச ஆள் விட்டேன். வாழைத்தார் வெட்டுறப்ப எல்லாம் முதல் தார் சண்முகத்தாய் வீட்டுக்குப் போயிரும். திருப்பி அனுப்பிருவா. வாசல்ல வச்சிட்டு வரச் சொன்னேன். ஆடு தின்னுச்சு.

அப்புறந்தான் ஜெபசீலியம்மா வந்துச்சு, ஒரு ஸ்கூட்டியில, தொப்பி போட்டுக்கிட்டு. ஆத்துத் தண்ணிக்கும் கிணத்துத் தண்ணிக்கும் என்ன உறவுன்னு படிக்கிறேன்னுச்சு. உறவா, அதை என்கிட்டக் கேளு தாயி, என் உறவே அதுலதான் போச்சுன்னேன். சிரிச்சிருச்சு. நல்ல பொண்ணு. கம்பங்கூழு குடுத்தா ரெண்டு செம்பு குடிக்கும். ஆத்துக்குள்ள அந்தக் குழாயை நட்டுச்சு. என் கிணத்துல நாடாவை விட்டு அளந்துச்சு. ஆத்து மணல்ல ஊறுன தண்ணி ஒரு பாட்டில்லயும் என் கிணத்துத் தண்ணி ஒரு பாட்டில்லயும் புடிச்சிட்டுப் போச்சு. அடுத்த மாசம் வந்து, "அய்யா, ரெண்டுலயும் உப்பு ஒரே அளவு, ரெண்டும் ஒரே தண்ணி. உங்க கிணறு ஆத்துத் தண்ணியத்தான் இழுக்குது. மோட்டார் ஓடுனா ஆத்துக்குள்ள இருக்கிற குழாயில தண்ணி இறங்குது, நிறுத்துனா ஏறுது. வந்து பாருங்க"ன்னுச்சு.

நான் போகல. எனக்கு வாழைக்கு மண்ணு அணைக்கிற வேலை இருந்துச்சு. குழாய்க்குள்ள தண்ணி ஏறும், இறங்கும், அது காத்தோட வேலையா இருக்கும்னேன். "இல்லய்யா, மேல ஓடுறதும் கீழ இருக்கிறதும் ஒண்ணுதான். நாமதான் ரெண்டு பேரு வச்சிருக்கோம்"னு அது திரும்பத் திரும்பச் சொல்லுச்சு. எங்கய்யா வெவரம் தெரியாதவரா சார்? ரெண்டும் ஒண்ணுன்னா அவரு எப்படி ரெண்டாப் பிரிப்பாரு? பெரியாளுக அம்புட்டுப் பேரும் நின்னாங்களே, ஒருத்தருக்குக் கூடவா தெரியாமப் போச்சு? அதைக் கேட்டேன். அந்தப் பொண்ணு நாடாவைச் சுத்திக்கிட்டு இருந்துச்சு.

சரி, அது கிடக்கட்டும். சாவைச் சொல்றேன்.

தகவல் வந்ததும் நான் என்ன பண்ணேன் தெரியுமா? அழக் கூட இல்ல. முதல்ல தண்ணிதான் ஞாபகம் வந்துச்சு. சாவு வீடு. நாலு ஊரு சனம் வரும். குடிக்க, கை கழுவ, சமைக்க. சண்முகத்தாய் வீட்டுல ஒரு தொட்டி கூடக் கிடையாது. விடிய மோட்டாரைப் போட்டேன். டிராக்டர் டேங்கர்ல புடிச்சுப் புடிச்சு அவ வீட்டு வாசலுக்கு அனுப்பினேன். அடக்கம் முடியுற வரைக்கும் மோட்டாரை நான் நிறுத்தவே இல்ல சார். உசுரோட இருக்கும்போது என் தண்ணி வேண்டாம்னான், சாவுக்காச்சும் அண்ணன் செய்யணும்ல?

மத்தியானம் நீர்மாலைக்குப் போனோம். உங்க ஊர்ல உண்டா? செத்தவுகளைக் குளிப்பாட்டத் தண்ணி எடுத்துட்டு வர்றது. மேல வேட்டியப் பந்தல் மாதிரிப் புடிச்சுக்கிட்டு, கொட்டு மேளத்தோட குடத்துல கொண்டு வருவாங்க. எங்க ஊர்ல ஆத்துலதான் எடுக்கணும். ஆறு காஞ்சிருந்தா மணல்ல ஊத்துத் தோண்டி, அதுல ஊறுற தண்ணியைத்தான் மோக்கணும். மூத்த பங்காளிதான் கையால முதல் மண்ணை அள்ளணும். நான்தான மூத்தவன்.

அந்தா அந்தக் குழாய்க்குக் கிழக்க ஒரு பள்ளம் தெரியுது பாருங்க. அங்கதான். மண்டி போட்டு ரெண்டு கையாலயும் அள்ளினேன். சின்னப் புள்ளையில நானும் அவனும் இதே இடத்துல தோண்டி வாய வச்சுக் குடிப்போம். முழங்கை ஆழத்துலயே வந்திரும் அப்ப. இப்ப இடுப்பளவு போயாச்சு, மணலு ஈரமா இருக்கு, தண்ணி இல்ல. கொட்டுக்காரங்க அடிக்கிறதை நிறுத்திட்டாங்க. வேட்டியப் புடிச்சுக்கிட்டு நின்ன பயலுக கை மாத்துறாங்க. கரையில என் மோட்டார் ஓடுற சத்தந்தான் கேக்குது. இன்னும் அள்ளினேன். லேசா ஊறுற மாதிரி இருந்துச்சு. ஆ, வந்திருச்சுன்னு குடத்தைக் கேட்டேன். குடத்தைத் திரும்பி வாங்குறதுக்குள்ள உள்ள போயிருச்சு. நகமெல்லாம் ரத்தம். "ஏ ஆத்தா, என் தம்பிக்கு ஒரு குடம் குடுக்க மாட்டியா"ன்னு மணல்ல அடிச்சு அழுதேன் சார். ஆத்துக்குக் கூட அவன் மேல இரக்கம் இல்லாமப் போச்சே.

வெயில் ஏறுது, பொணம் கிடக்குது. பெரியாளுக கூடிப் பேசினாங்க. நான் சொன்னேன், என் கிணத்துல எடுத்துக்கிடுவோம்னு. வேற வழி? என் மோட்டார்க் குழாயில குடத்தைப் புடிச்சு, அதையே நீர்மாலையா எடுத்துட்டுப் போனோம்.

வாசல்ல போனதும் பொம்பளைக எல்லாம் அழுகையை நிறுத்திட்டாங்க. கொம்பையா சொன்ன சொல்லு ஊருக்கே தெரியும்ல. சண்முகத்தாய் எந்திரிச்சு வந்தா. தம்பி பொண்டாட்டி சார், கல்யாணம் ஆகி வந்ததுல இருந்து என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்த பேசினது கிடையாது. எங்கள்ல அப்படிப் பேச மாட்டாங்க, ஏதாச்சும் கேக்கணும்னா கதவு நிலையப் பார்த்துக் கேப்பாங்க. அன்னிக்கு என் முகத்தை நேராப் பார்த்தா. குடத்துல இருந்து ஒரு கை அள்ளி வாயில ஊத்திப் பார்த்தா. ஊத்திட்டு, "ஊத்துங்க. இது அவுக ஊத்துத் தண்ணிதான். எனக்கு ருசி தெரியாதா"ன்னா.

அழுதுக்கிட்டுச் சொல்லல. சாதாரணமாச் சொன்னா. புருசன் போன துக்கத்துல புத்தி தடுமாறிப் பேசுறான்னு நினைச்சுக்கிட்டேன். இல்லேன்னா அண்ணன் தம்பிக்குள்ள என்ன உன்னது என்னதுன்னு பெரிய மனசு பண்ணிச் சொல்லியிருப்பா. அப்படித்தான சார் இருக்கும்? வேற எப்படி இருக்கும்?

ஊத்தினோம். என் கிணத்துத் தண்ணி அவன் நெத்தியில பட்டு, கண்ணு வழியா இறங்கி, வாயிலயும் பட்டுச்சு.

அதுக்கப்புறம் நான் அந்தப் பள்ளத்துப் பக்கம் போகல.

என்ன, நேரம் ஆயிருச்சா? போங்க, அளந்துட்டு வாங்க. நான் எதுக்கு? ஜெபசீலி சொல்லி விட்டுச்சா, என்னையும் கூட்டிட்டுப் போய்க் காட்டச் சொல்லி? விட மாட்டா போல அவ. சரி வாங்க. இந்தப் பக்கம் இறங்குங்க, அங்க முள்ளு.

இதானா நாடா? அடியில மணி மாதிரி ஏதோ கட்டியிருக்கு. விடுங்க. ம். மோட்டார் ஓடும்போது நீங்க அளந்தது எந்தக் கோடு? இதா? இப்ப? சும்மா சொல்லாதீக. இன்னொரு தடவ விடுங்க. ஒரு முழத்துக்கு மேல ஏறியிருக்கேய்யா. ஒரு மணி நேரம் கூட ஆகலையே. காத்தா இருக்கும்… காத்து இல்லையா. சரி, நீங்க சொன்னாச் சரிதான்.

இருங்க சார். அங்க என்ன மினுங்குது? அந்தப் பள்ளத்துல.

என் கையைப் புடிங்க. மணலு சரியுது. உக்காந்துக்கிடுறேன். தண்ணி சார். தண்ணி. நான் தோண்டின பள்ளம் சார் இது, இந்தா பாருங்க என் விரல் தடம் ஓரத்துல. அன்னிக்கு ரத்தம் வரத் தோண்டினேனே, ஒரு கை தேறலையே. இப்ப யாரும் தோண்டல, யாரும் கேக்கல, தானா ஊறிக்கிட்டு நிக்குதே. தெளிஞ்சு நிக்குதே. அன்னிக்கும் இங்கதான இருந்திருக்கும்? நான் மேல… நான் மோட்டாரை…

ஏலே கொம்பையா. ஊத்து வந்திருச்சுடா. ஏலே.

இல்ல சார், நான் எந்திரிக்கல. நீங்க குழாயைப் புடுங்கிட்டுக் கிளம்புங்க. மோட்டாரா? அது கிடக்கட்டும். வாழை கிடந்தாக் கிடக்குது. கரையில என் செம்பு இருக்கும், அதை மட்டும் எடுத்துக் குடுத்துட்டுப் போங்க. இல்ல, வேண்டாம். மோந்து நான் யாருக்குக் கொண்டு போயி ஊத்த?